ஒடிந்த போத்து

முருங்கைக்கு உறவுக்காரர்கள் குறைவு. புல்லுக்கும் அவரைக்கும் இருப்பதுபோல் ஆயிரக்கணக்கில் சொந்தபந்தம் அதற்குக் கிடையாது. ஒரு குடும்பம், அதில் ஒரே பேரினம், அதற்குள் பதின்மூன்று வகை, அவ்வளவுதான். பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில், மழை எட்டிப் பார்க்காத வறண்ட மூலைகளில் வாழ்கின்றன. சில, குதிர்போல அடி பருத்த மரங்கள். சில, கிழங்கை மண்ணுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு வெளியே ஒரு முழம் மட்டும் தலைகாட்டும் செடிகள். நம் மண்ணில் இருப்பவை இரண்டு. ஒன்று நம் வீட்டுக் கொல்லையில் நிற்பது. மற்றது பாறைக் கரட்டில் தானாக முளைத்து யாரும் சீந்தாமல் நிற்கும் காட்டு முருங்கை.

தாவரவியல் ஆசிரியனாக இருந்த காலம் முழுவதும் இதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்று கரும்பலகையில் படம் போட்டும் காட்டியிருக்கிறேன். பிரித்தறியத் தெரியாத வயதில் நான் செய்த காரியத்தை மட்டும் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை. என் அத்தை இந்தத் தை மாதம் காலமாகிவிட்டார். சொல்லியிருக்க வேண்டிய காலமெல்லாம் சும்மா இருந்துவிட்டு, கேட்க வேண்டியவர்கள் பெரும்பாலும் போன பிறகு எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

எங்கள் தோட்டம் நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. மஞ்சளும் நிலக்கடலையும் போட்டிருந்தோம். அப்பாவுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. கிணறு கோடையில் வற்றிவிடும். இரண்டு எருதுகளில் ஒன்று நொண்டி. ஆனால் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற பக்கத்தில் ஒரு முருங்கை மரம் நின்றது. அதன் காய் என் கை நீளம் இருக்கும். பிளந்தால் உள்ளே வெண்ணெய்போலச் சதை. தித்திப்பு என்று சொன்னால் மிகை, ஆனால் அந்தக் காய் போட்ட குழம்பில் வெல்லம் போட்டிருக்கிறதா என்று கேட்டவர்கள் உண்டு. அப்படி யாராவது கேட்டால் அப்பா வேறெங்கோ பார்ப்பார். மீசை மட்டும் லேசாக அசையும்.

சுற்றுவட்டாரத்தில் இருந்து அந்த மரத்தின் போத்துக் கேட்டு வருவார்கள். போத்து என்றால் நடுவதற்காக வெட்டிய கிளைத்துண்டு. கைப் பருமனில், ஆள் இடுப்பளவு நீளத்தில் வெட்டி, நுனியில் வெயில் ஏறாமல் இருக்கச் சாணி உருண்டையை அப்பி, நாலு நாள் நிழலில் சாய்த்து வைத்துக் கொடுப்பார் அப்பா. அதற்குக் காசு வாங்கமாட்டார். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. கொண்டுபோகிற கைதான் அதை நட வேண்டும். இது ஊர் வழக்கமா, அப்பாவாக வைத்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. கை மாறினால் மரம் மனசு மாறிவிடும் என்பார்.

அத்தை அப்பாவின் தங்கை. நான் நடக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு காடுமேடெல்லாம் சுற்றியவர். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார், மூடிய கைக்கு மேலே கண்கள் இன்னும் அதிகமாகச் சிரிக்கும். முருங்கை என்றால் உயிர். காய், கீரை, பூவைப் பாலில் வேகவைத்தது, எதையும் விடமாட்டார். அடிபட்டால் இவளுக்குப் பச்சையாகத்தான் ரத்தம் வரும் என்று அம்மா கேலி செய்வார்.

அந்த அத்தையை மோகனூரில் கட்டிக்கொடுத்தோம். காவேரிக்கரை. வாழையும் கரும்பும் வெற்றிலையும் தண்ணீரில் நின்றபடி வளரும் ஊர். மாமா நல்லவர், அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா பேசுவார். அத்தையின் மாமியாருக்கு எங்கள்மேல் வெறுப்பெல்லாம் இல்லை. நாங்கள் மழையை நம்பிப் பிழைப்பவர்கள் என்பது அவர் மனதில் எப்போதும் ஒரு ஓரத்தில் இருந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு வந்தால் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே கீழே வைப்பார். இங்கே தண்ணியக் கொட்டறதுக்குப் பயமா இருக்குதுங்க என்பார்.

முதல் ஆடிக்கு வந்த அத்தை, திரும்பிப் போகும்போது அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்ணா, நம்ம மரத்துல ஒரு போத்து அனுப்பி வையுங்க. அங்க எல்லாம் இருக்குது. இது மட்டும் இல்ல."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அப்பா வழக்கம்போல் வேறு பக்கம் பார்த்தார்.

ஆவணியில் மழை இறங்கியதும் போத்து தயாராயிற்று. மஞ்சளுக்கு மண் அணைக்கிற நேரம், அப்பாவால் நகர முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்து லாரி வாழைத்தார் ஏற்ற மோகனூர் போகிறது என்று தெரிந்ததும், என்னை அதில் அனுப்புவதாக முடிவு செய்தார். எனக்குப் பத்து வயது. அத்தையைப் பார்க்கப் போகிறோம் என்பதை விட, லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறோம் என்பதே பெரிதாக இருந்தது. போத்தை என் தோளில் சாய்த்துவிட்டு அப்பா சொன்னார்: "உங் கையாலயே குழி தோண்டி நடோணும். வேற ஆருகிட்டயும் குடுத்துறாத."

லாரி மெயின் ரோட்டில் நிற்கும். நான் விடியற்காலையிலேயே போய்விட்டேன். லாரி வரவில்லை. ரோட்டோரத்துப் பள்ளத்தில் இரவு மழைத் தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருடம் பெரிய பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் அண்ணன்மார்கள் மூங்கிலை ஊன்றிக் கயிற்றைத் தாண்டியதைப் பார்த்திருந்தேன். கையில் கம்பு இருந்தது. எதிரே பள்ளம் இருந்தது. வேறென்ன வேண்டும்?

முருங்கை மரம் என்பது பெயருக்குத்தான் மரம். உள்ளே வைரம் ஏறுவதே இல்லை. ஈரத்தைப் பட்டை போட்டுச் சுற்றி வைத்தது மாதிரி. நான் ஓடிவந்து ஊன்றி எழும்பியதும் 'மொடக்' என்று சத்தம் கேட்டது. அடுத்த கணம் நான் இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்திருந்தேன். போத்து சரியாக நடுவில் ஒடிந்து, பட்டையில் மட்டும் தொங்கியது. அதைப் பிய்த்ததும் இரண்டு துண்டு.

அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. கோபமான முகம்கூட இல்லை. தோளில் சாய்த்து வைத்தபோது இருந்த முகம். திரும்பிப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு துண்டுகளையும் தண்ணீரில் எறிந்தேன். அவை ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு பாலத்துக்கு அடியில் போய் மறைந்தன. எறிவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். நுனியில் இருந்த சாணி உருண்டையைக் கவனமாகப் பெயர்த்து எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு புத்தி இருந்தது.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கரடு. அதன் சரிவில் ஒரு முருங்கை மரம் நின்றது. யாருக்கும் சொந்தமில்லாத மரம். அடிப்பட்டை தடித்து வெடித்து முதலைத்தோல்போல இருக்கும். யாரும் அதில் காய் பறித்து நான் பார்த்ததில்லை. யாருக்கும் சொந்தமில்லை, அதனால் பறிப்பதில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு கிளையைப் பிடித்துத் தொங்கினேன், ஒடிந்தது. நீளம் பார்த்து முறித்து, பக்கக் கிளைகளைக் கிள்ளி, நுனியில் சாணி உருண்டையை வைத்து அழுத்தினேன். பார்க்க அதேபோல் இருந்தது. காட்டு மரமாகவே இருந்தாலும், நல்ல இடத்தில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் அத்தை இருந்தால் அது வீட்டு மரமாகிவிடும் என்று நம்பினேன். மனிதர்கள் அப்படித்தான் மாறுகிறார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன்.

லாரி வந்தது. டிரைவர் என் கால்சட்டையையும் கையில் இருந்ததையும் பார்த்தார்.

"என்ன அப்புனு, சேத்துல உழுந்து எந்திரிச்சும் கம்பை உடாம புடிச்சிருக்கற? உங்கப்பன் தங்கக்கம்பியக் குடுத்தாப்புல."

மோகனூரில் அத்தை வாசலுக்கே ஓடிவந்தார். என்னை இழுத்து அணைத்துக்கொண்டார், பிறகு போத்தை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நானே குழி தோண்டி நட்டேன். மாமியார் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"வானம் பாத்த சீமையில இருந்து வந்த மரம். எங்கூட்டுத் தண்ணியக் குடிச்சுட்டு என்ன ஆட்டம் போடுதுன்னு பாக்கலாம்."

"அது ஆடாதுங்க அத்தை. காய்க்கும்ங்க. தேனாட்டம் இருக்கும்ங்க" என்றார் அத்தை.

அதற்குப் பிறகு அதை நான் மறந்துவிட்டேன். குழந்தைகளுக்கு மறதி வரும் வேகம் அப்படி. அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் சீர், பால் கொடுக்கும் சங்கு, எல்லாவற்றையும் அப்பா குறைவில்லாமல் செய்தார். குழந்தை தவழ்ந்து, நின்று, தத்தக்கா பித்தக்கா என்று நடக்கத் தொடங்கியது. வைகாசியில் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாகப் பேச்சு வந்தது. காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அப்பா அந்த மடியை வைகாசிக்காக எப்போதோ தயார் செய்துவிட்டார் என்று தோன்றும்படி நடந்துகொண்டார். பொற்கொல்லரிடம் கம்மலுக்குச் சொல்லியாயிற்று. நாள் குறிக்கச் சித்திரையில் எங்களை மோகனூருக்குக் கூப்பிட்டார்கள். அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம்.

ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், நிறைய வந்திருந்தார்கள். முதல் பந்தியில் அப்பாவை நடுவில் உட்காரவைத்து இலை போட்டார்கள். மாமியார் தன் கையாலேயே பரிமாறினார்.

"உங்கூட்டு மரத்துல மொதக் காய்ப்புங்க தம்பி. இன்னும் முத்தட்டும், அப்புறம் பறிக்கலாம்னு அம்மிணி தடுத்துப்போட்டுது. அண்ணன் வந்த நாளைக்கு இல்லாம பொறவு எப்பங்கன்னு நானே பறிச்சு சாம்பார் வெச்சனுங்க."

அப்பா மீசை அசைய ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். எல்லோரும் கடித்தார்கள். நானும் கடித்தேன்.

அந்தக் கசப்பை என்னால் இன்றும் நாக்கில் வரவழைக்க முடியும். வேப்பங்காய்க்கு ஒரு நேர்மை உண்டு, வாயில் வைத்ததும் சொல்லிவிடும். இது முதலில் முருங்கைபோலவே இருந்து, மென்ற பிறகு தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. பந்தி முழுக்க மெல்லுவது நின்றது. எனக்குக் கரடும் சாணி உருண்டையும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன.

ஓரத்தில் இருந்த ஒருவர் மெதுவாகத் தொடங்கி வைத்தார். "முருங்கக்காய்ன்னு சொல்லிட்டு மருந்து போட்டீங்களாங்க?"

சிரிப்பு எழுந்தது. மாமியாரும் சிரித்தார், ஆனால் அவர் முகம் சிவந்துவிட்டது. விருந்தில் அவர் சமையல் கசந்துவிட்டதே.

"என்னங்க தம்பி, இத்தன நாளா அம்மிணி தேனு தேனுன்னு சொல்லிச்சு. உங்க ஊர்ல இதுக்குப் பேருதான் தேனுங்களா?"

அப்பா கடித்ததைக் கீழே வைத்தார். "எங்க மரம் கசக்காதுங்கம்மா. ஊரே தின்ன மரமுங்க. மரம் எங்க மரந்தான். மண்ணுதான் உங்க மண்ணு."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகு அது அவருக்கே தெரிந்தது. மாமியார் கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"காவேரி பாயற மண்ணுங்க இது. வாழைக்குக் கசக்கல, கரும்புக்குக் கசக்கல, உங்க முருங்கைக்கு மட்டும் கசக்குதுங்களா?"

மாமா "அம்மா, போதும் உடுங்க" என்றார். அதற்குள் அப்பா இலையை விட்டு எழுந்துவிட்டார். பாதி இலையில் எழுவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கை கழுவியபடியே சொன்னார்:

"உங்க பேத்திய எம் மடியில உக்கார வெச்சாலும் கசக்குமாட்ட இருக்குது. வேற மடி பாத்துக்குங்க."

அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தார். நான் அந்த நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அப்பாவின் பின்னால் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

அவர்களாகவே குறித்த காதுகுத்து நாள் நெருங்கியது. அப்பா அசையவில்லை. கம்மல் வந்து பெட்டியில் கிடந்தது. தாய்மாமன் வராத காதுகுத்து என்றால், பிறந்த வீடே கைவிட்ட பெண் என்று அத்தைக்குப் பெயர் வந்துவிடும். அம்மா அப்பாவிடம் அழுதுபார்த்தார், சண்டை போட்டும் பார்த்தார். கடைசியில் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு பட்டுப் பாவாடையை வாங்கி என் கையில் கொடுத்து, அதே லாரியில் அனுப்பினார். நம்ம ஊட்டுத் துணியாவது அந்தப் புள்ள மேல இருக்கட்டும் என்றார்.

அத்தை பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். மரம் என் உயரத்தைப்போல இரண்டு மடங்கு வளர்ந்திருந்தது. பாவாடையைக் கொடுத்தேன். அதைப் பிரித்துப் பார்த்து, தனக்கென்று வர யாருமில்லையே என்று அத்தை அழத் தொடங்கியதும் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பள்ளம், கம்பு, கரடு, சாணி உருண்டை, எல்லாம்.

அத்தை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"நம்ம மரமில்லன்னு மொத எலை உட்டப்பவே தெரியும் சாமி. எலை இத்தாம்பெருசுக்கு வட்டமா வந்துது. நம்முளுது பொடிசால்ல இருக்கும். எப்படி மாறுச்சுன்னுதான் தெரியல."

"அப்பறம் எதுக்குப் புடுங்கிப் போடல?"

"நீ நட்டதாச்சே" என்றார். பிறகு திடீரென்று ஏதோ தோன்றியவர்போல் நிமிர்ந்தார். "ஏஞ் சாமி, ஒடைஞ்ச போத்தை என்ன பண்ணுன?"

"தண்ணியில வீசிட்டேன்."

"அட மக்குப் பையா. ரெண்டா ஒடைஞ்சா ரெண்டு போத்து. ரெண்டையும் கொண்டாந்திருந்தா ரெண்டு மரம் ஆயிருக்குமே!"

கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே சிரித்தார். எந்தத் துண்டையும் மண்ணில் செருகினால் வேர் விடும் மரம் அது. ஒடிந்ததால் அதற்கு எந்தக் குறையும் வந்திருக்கவில்லை. எனக்கு அதைத் தவிர எல்லாம் தெரிந்திருந்தது.

"அப்பாகிட்டச் சொல்லிடட்டுமா?" என்றேன்.

"ஆருகிட்டயும் சொல்லாத. அண்ணன் உன்னத் தோலை உரிச்சுப்போடுவாரு. இங்கயும் பொறந்த ஊட்டுக்காரங்க ஏமாத்திட்டாங்கன்னு ஆயிப்போகும். நான் பாத்துக்கறேன். நீ பாப்பாவப் பாத்துக்க."

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் சுவரோரம் நின்று கேட்டேன். நாங்கள் அனுப்பிய போத்தை முதல் வாரமே ஆடு கடித்துப் பட்டையை உரித்துவிட்டதாம். சொல்லப் பயந்துகொண்டு, சந்தையில் மலைக்காரம்மா ஒருவரிடம் வேறொரு போத்தை வாங்கி வந்து அதே குழியில் நட்டுவிட்டாராம். அண்ணன் மேலும் தப்பில்லை, இந்த மண் மேலும் தப்பில்லை, எல்லாம் தன் தப்புதானாம். அவ்வளவு சரளமாக அத்தை சொன்னார். எனக்கே அந்த ஆடு கண்ணில் தெரிந்தது.

பிறகு மாமியாரின் குரல்.

"அப்ப இத்தன நாளா எங்கிட்டப் பொய் சொல்லிட்டு இருந்திருக்கற. இல்லைங்களா அம்மிணி?"

"ஆமாங்க அத்தை."

மாமியார் கத்தவில்லை. பாத்திரம் எதுவும் உருளவில்லை. வேறொன்றும் கேட்கவும் இல்லை. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று நான் நிம்மதியாகக் குழந்தையைத் தூக்கி ஆட்டினேன்.

மறுநாளே மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கதையைக் கேட்ட அப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தீங்களா மாப்பிள்ளை, எம் மரம் கசக்காதுன்னு சொன்னனா இல்லையா? பாதி எலையில எந்திரிச்சது எந் தப்புங்க, அம்மாகிட்ட நானே வந்து சொல்றனுங்க" என்றார். அந்த மரத்தின் மானம் திரும்பி வந்ததில் அவருக்கு இருந்த சந்தோஷத்தில், தங்கை சொன்ன பொய்யைப் பற்றி யோசிக்க இடமே இருக்கவில்லை.

காதுகுத்து நன்றாக நடந்தது. அப்பா சப்பணமிட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஊசி பட்டதும் அது வீறிட்டு அவர் சட்டையெல்லாம் நனைத்தது, அவர் எழுந்திருக்கவே இல்லை. சீரோடு சீராக, புதிதாக ஒரு போத்தும் கொண்டுவந்திருந்தார். காட்டு முருங்கையை அன்றே வெட்டிப்போட்டுவிட்டு, தன் கையாலேயே அந்த இடத்தில் நட்டார். பந்தியில் மாமியார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்த வாட்டி ஆடு தின்னா ஆடு தின்னுச்சுன்னு சொல்லிப்போடு அம்மிணி. சந்தையில போயி மாமியாளுக்கு மருந்து வாங்கிட்டு வராத."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரித்தார். அத்தையும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு தந்திரத்தில் நாங்கள் ஜெயித்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

புது மரம் காய்த்தது. காய் எங்கள் வீட்டுக் காய்போலவே இருந்தது. மாமியார் அதை ரசித்துச் சாப்பிட்டு, வருவோர் போவோருக்கெல்லாம் கொடுத்தனுப்பினார். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் நான் மோகனூர் போனேன். ஆற்றில் குளித்தேன், வாழைத்தோப்பில் சுற்றினேன், அத்தை கையால் சாப்பிட்டேன். பால் காய்ச்சிவிட்டேன் என்று அத்தை சொன்னால், மாமியார் எழுந்துபோய்ப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பார். மாடு தண்ணி குடித்துவிட்டது என்றால் தொட்டியை எட்டிப் பார்ப்பார். நெல் அறையின் சாவி மாமியார் இடுப்பிலேயே இருந்தது. அம்மா சொன்னாங்க என்று குழந்தை ஏதாவது சொன்னால், "உங்கம்மா சொன்னாளா? போயி உங்கப்பனக் கேட்டுட்டு வா" என்பார். இதையெல்லாம் கடுமையாகச் செய்யமாட்டார். பழக்கமாகிவிட்ட வேலைபோல் செய்வார். அந்த வீட்டில் அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பிறகு நான் சேலத்தில் கல்லூரியில் சேர்ந்தேன். தாவரவியல். எண்பதுகள் பாதி ஆகிவிட்டிருந்தன. இலைகளைக் காய வைத்து அட்டையில் ஒட்டி, அதற்கு லத்தீன் பெயர் எழுதத் தெரிந்த கர்வம் எனக்கு வந்திருந்தது. ஒரு கோடை விடுமுறையில் மோகனூர் போயிருந்தபோது, பின்கட்டு முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். காது குத்தியபோது அப்பாவின் மடியில் அலறிய அந்தப் பெண், அப்போது இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போகிறவள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் இப்போது ஈரோட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். இதை முதலில் அவளுக்குத்தான் அனுப்பப் போகிறேன்.

"மாமா, எங்கம்மா பொய் சொல்லுமா?"

"ஆரு சொன்னா?"

"ஆத்தா" என்றாள். பாட்டியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "இந்த எடத்துல மொதல்ல காட்டு மரத்த நட்டுட்டு நல்ல மரம்னு ஏமாத்துச்சாம். உங்கம்மா சொல்றத ஒண்ணுக்கு ரெண்டு தடவ கேட்டுக்கோணும்னு சொல்லுது. நெசமா மாமா?"

நான் எழுந்து தாழ்ந்த கிளையிலிருந்து ஓர் இலையைப் பறித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கத் தொடங்கினேன். இதோ பார், இது ஒரு இலை. இத்தனையும் சேர்ந்து ஒரே இலை. நடுக்காம்பு பிரிகிறது, பிரிந்தது மறுபடி பிரிகிறது, அதுவும் பிரிந்த பிறகுதான் இந்தப் பொடிச் சிற்றிலைகள் வருகின்றன. காட்டு முருங்கையில் இவ்வளவு பிரிவு இருக்காது. சிற்றிலை பெரிதாக, வட்டமாக இருக்கும். அதன் பூவிதழில் சிவப்புக் கோடு ஓடும். பட்டை தடித்து வெடித்திருக்கும். மலைப்பக்கத்துப் பாறைகளில்தான் வளரும், இந்தப் பக்கம் கிடைக்காது. கண் உள்ளவர்கள் யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்ள முடியாது.

அவள் இலையை வாங்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது அதுவல்ல என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தலையை நிமிர்த்தியபோதுதான் பார்த்தேன், அத்தை குடத்தை இடுப்பில் வைத்தபடி துவைகல்லுக்கு அருகில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. எதையோ எதிர்பார்த்து நிற்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

அத்தை குடத்தை இறக்கி வைத்தார்.

"நல்லாப் படிச்சிருக்கற சாமி" என்றார்.

சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அத்தை என்னைப் பாராட்டிவிட்டுப் போகிறார் என்ற சந்தோஷத்தில், நான் கீழே உதிர்ந்து கிடந்த ஒரு பூவை எடுத்து, அதன் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்தப் பெண்ணுக்குக் காட்டத் தொடங்கினேன்.